மீன் வண்டியும் காற்றும்: மாமாவோட பிக்கப்ல நாங்க செஞ்ச வேலை

இந்த வாரம் கோடிங் கிடையாது. எங்க மாமாவோட பிக்கப் வண்டியைப் பத்திப் பேசப் போறேன். பேசினதை எழுத்துல போடும்போது நடுவுல வந்த "ம்ம்", "அதாவது" எல்லாத்தையும் வெட்டியாச்சு.

மாமா அறந்தாங்கிக்காரர். ஜெகதாப்பட்டினத்துல மீன் ஏத்தி அறந்தாங்கி, புதுக்கோட்டை, கீரனூர் வழியா திருச்சி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் இறக்குவார். போக வர ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஒரு நாள் போன் பண்ணி, "மாப்ள, நீ இன்ஜினியருக்குத்தானே படிச்ச? மைலேஜ் விழுந்துபோச்சு, ஏன்னு சொல்லு பார்ப்போம்"னார். ஃபில்டர் மாத்தியாச்சு, டயர்ல காத்து சரியா இருக்கு, மெக்கானிக்கும் பார்த்துட்டார். நான் கேட்ட ஒரே கேள்வி: "மாமா, பெட்டி எத்தனை அடுக்கு அடுக்குறீங்க?" தெர்மாகோல் பெட்டிக்கு மாறினதுக்கு அப்புறம் ரெண்டு அடுக்கு கூடிப்போச்சாம். எடை பெருசா கூடல. உயரம் கூடிடுச்சு. கேபினுக்கு மேல ஒரு சுவர் மாதிரி நிக்குது.

இங்க கொஞ்சம் கணக்கு பார்ப்போம். காற்றுத் தடை வேகத்தோட இருமடிக்குக் கூடும். வேகம் ரெண்டு மடங்கானா தடை நாலு மடங்கு. அதோட வண்டியின் முகப்புப் பரப்பையும், வடிவத்துக்கான இழுவைக் கெழுவையும் பெருக்கணும். ஒரு பிக்கப்புக்கு முகப்பு 3 சதுர மீட்டர், கெழு 0.5ன்னு தோராயமா வச்சுக்குவோம். 40 கி.மீ. வேகத்துல காற்று சுமார் 11 கிலோ விசையில வண்டியைப் பின்னால இழுக்கும். 80ல அதுவே 45 கிலோ. லோடோட சேர்த்து 2.8 டன் வண்டியில டயர் உருளுற தடை 34 கிலோ மாதிரி இருக்கும், அது வேகத்தோட பெருசா மாறாது. அதாவது டவுனுக்குள்ள டயர்தான் செலவு. பைபாஸ் ஏறிட்டா காற்றுதான் செலவு.

இப்போ பெட்டியை உயர்த்துங்க. முகப்பு 4 சதுர மீட்டர், கூர்விளிம்பு இருக்குறதால கெழு 0.7ன்னு போட்டா, 80ல காற்று மட்டும் 85 கிலோ! ரெண்டு மடங்குக்குப் பக்கத்துல. மெக்கானிக் இன்ஜினைத் திறந்து தேடினது தார்ப்பாய்க்கு அடியில உட்கார்ந்திருந்துச்சு.

சரி, என்ன செய்யலாம்? மாமாவோட முதல் யோசனை, "பின் டோரை இறக்கிப் போட்டா காத்து வழியா போயிடும்ல?" இது உலகம் பூரா டிரைவருங்க நம்புறது. அமெரிக்காவுல மித்பஸ்டர்ஸ் டிவி நிகழ்ச்சியில இதைச் சோதிச்சாங்க. டோரை மூடி வச்ச வண்டிதான் கூடுதல் தூரம் போச்சு. காரணம், மூடின தொட்டிக்குள்ள காற்று ஒரு சுழலா தங்கிடுது. மேல வர்ற காற்று அந்தச் சுழல் மேல வழுக்கிக்கிட்டுப் போயிடுது. ஆனா அதை அப்படியே இங்க இறக்குமதி பண்ண முடியாது. அவங்க தொட்டி குட்டை, சுவர் உயரம். நம்ம தொட்டி நீளம், பலகை குட்டை. லோடு இருக்கும்போது இந்தக் கேள்வியே எழாது. காலியா வரும்போது நாங்க ரெண்டு விதமாவும் ஓட்டிப் பார்த்தோம், எங்க அளவுக்கு வித்தியாசம் தெரியல. மூடியே வைங்க, அதுதான் பத்திரம்.

எப்படி அளந்தோம்னு சொல்றேன், எனக்குப் பிடிச்ச பகுதி இது. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, மாமா வண்டி சும்மா நிக்கும். மீனுக்குப் பதிலா மணல் மூட்டை, அதுக்கு மேல காலிப் பெட்டி, தார்ப்பாய். விடியக்காலை, காத்து அடிக்காத நேரம், ஆள் இல்லாத நேர் ரோடு. 75ல போய் நியூட்ரல்ல விட்டு, 55க்கு இறங்க எத்தனை விநாடி ஆகுதுன்னு போன் ஜிபிஎஸ்ல பதிவு. நேரம் கூடினா தடை குறைஞ்சிருக்குன்னு அர்த்தம். போற திசையில ஒரு தடவை, வர்ற திசையில ஒரு தடவை எடுத்து சராசரி போடணும், இல்லேன்னா ரோட்டோட லேசான சரிவு நம்மளை ஏமாத்திடும். ஒரு எச்சரிக்கை: இன்ஜினை ஆஃப் பண்ணவே கூடாது. ஆஃப் ஆனா பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுடும்.

இன்னொண்ணு நூல் சோதனை. கீரமங்கலம் பூ மார்க்கெட் பக்கம் பூ கட்டுற நூல் தாராளமா கிடைக்கும். சாண் நீளத்துக்கு வெட்டி, தார்ப்பாய் மேலயும் பக்கவாட்டிலயும் டேப் போட்டு ஒட்டினோம். தம்பி பைக்ல பின்னாடி உட்கார்ந்து வீடியோ எடுத்தான். காற்று ஒட்டிப் போற இடத்துல நூல் நேரா படுத்திருக்கும். ஒட்டாத இடத்துல பேய் பிடிச்ச மாதிரி ஆடும். பெட்டிச் சுவரோட முன்விளிம்புக்குப் பின்னாடி மேல் தார்ப்பாய் முழுக்க நூல் தலைகீழா ஆடுச்சு.

இதுக்குப் பழைய கதை ஒண்ணு உண்டு. 1970களில் நாசாவுல எட்வின் சால்ட்ஸ்மேன்னு ஒரு பொறியாளர் சைக்கிள்ல வேலைக்குப் போவார். பக்கத்துல லாரி கடக்கும்போது காற்று முதல்ல தள்ளி, அப்புறம் உள்ள இழுக்குறதைக் கவனிச்சார். ஒரு வேனை அலுமினியத் தகட்டால பெட்டி மாதிரி மூடி, பிறகு விளிம்புகளை வளைச்சு அளந்தாங்க. முன்விளிம்பை வளைச்சதுல மட்டும் இழுவை பாதிக்கு மேல குறைஞ்சுது. கூர்விளிம்புல காற்று திரும்ப முடியாம பிய்ச்சுக்கிட்டுப் போகும், வளைவா இருந்தா ஒட்டிக்கிட்டே திரும்பும்.

அதனால நாங்க செஞ்சது ரொம்ப எளிசு. சாக்குல வைக்கோலைத் திணிச்சு, நல்ல தடிமனா ஒரு உருளை. அதைப் பெட்டியோட முன்பக்க மேல்விளிம்புல கட்டி, அது மேல தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். கேபினை ஒட்டின முதல் வரிசையில ஒரு அடுக்கு கம்மி, அதனால முன்பக்கம் படி மாதிரி ஏறும். தார்ப்பாய் படபடன்னு அடிக்கிறதே ஒரு தடை, அதனால கயிறை நெருக்கமா போட்டோம். இதுலயே நியூட்ரல் நேரம் ஒன்றரை, ரெண்டு விநாடி கூடுச்சு. பின்பக்கமும் சரிவா இறக்கலாம்னு ஆசை. ஆனா சரிவு 15 டிகிரிக்கு மேல போனா காற்று ஒட்டாது. அவ்வளவு மெல்ல இறக்க எட்டடி தொட்டியில இடம் இல்ல. விட்டுட்டோம்.

பெரிய பலன் வேற இடத்துல வந்துச்சு. தொட்டிக்குள்ள ஸ்பேர் டயர், பழைய கயிறு, யாரோ விட்டுட்டுப் போன காலிப் பெட்டின்னு இடம் அடைஞ்சு கிடந்தது. எல்லாத்தையும் இறக்கினா ஒரு முழு அடுக்கு குறைஞ்சுது. (ஸ்பேரை அப்புறம் சேஸிஸ்ல அதோட இடத்துலயே மாட்டியாச்சு.) நாங்க கட்டின எதையும் விட இதுக்குத்தான் விநாடி அதிகமா கூடுச்சு.

தோத்ததையும் சொல்லணும்ல. பம்பருக்குக் கீழ பழைய பேனர் ஃப்ளெக்ஸைப் பாவாடை மாதிரி கட்டினேன், அடியில காற்று நுழையாம இருக்க. முதல் வேகத்தடையிலயே கிழிஞ்சுது. மறுபடி உயர்த்திக் கட்டினப்ப ரேடியேட்டருக்குப் போற காற்றை மறைச்சு, டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பிச்சுது. மாமா ஒண்ணும் பேசல, கத்தியை எடுத்து அறுத்துப் போட்டார்.

வெல்டிங் வச்சுக் கூரை, டிஃப்ளெக்டர்னு கேட்டு நிறைய பேர் மெசேஜ் பண்ணுவீங்கன்னு தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி வண்டியோட அமைப்பை அனுமதி இல்லாம மாத்தக் கூடாது. அதனாலதான் நாங்க கயிறு, சாக்கு, தார்ப்பாயோட நின்னோம். நம்பர் பிளேட்டையும் லைட்டையும் எதுவும் மறைக்கக் கூடாது.

காசுக் கணக்கு: லிட்டருக்கு 10 கொடுத்த வண்டி 11 கொடுத்தா, 250 கிலோமீட்டருக்கு 2.3 லிட்டர் மிச்சம். மாசம் 20 டிரிப்னா 46 லிட்டர். டீசல் லிட்டர் 90 ரூபாய்னு வச்சாலும் நாலாயிரத்துக்கு மேல. தடைக்காலத்துல ரெண்டு மாசம் வருமானமே இல்லாத வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்ல.

இதையெல்லாம் விடப் பெரிய மிச்சம் 80க்குப் பதிலா 65ல ஓட்டுறது. காற்றுத் தடை மூணுல ஒரு பங்கு அப்படியே காணாமப் போயிடும். 125 கிலோமீட்டருக்கு 20 நிமிஷம் கூடுதலா ஆகும், அவ்வளவுதான். இதை மாமாகிட்ட சொன்னேன். "ஏலத்துல முதல் பத்து வண்டியில நிக்கிறவனுக்கு ஒரு விலை, கடைசியா வர்றவனுக்கு ஒரு விலை. அந்த இருபது நிமிஷத்துக்கு உன் கணக்குல என்ன போட்ட?"ன்னு கேட்டார். நான் எதுவும் போடல. இப்போதைக்கு ஒரு உடன்பாடு: மீனோட போகும்போது 80, காலிப் பெட்டியோட வரும்போது 65. ஜூன் 15லேர்ந்து ஒவ்வொரு டிரிப்புக்கும் டேங்க் ஃபுல் பண்ணி நோட்டுல எழுதுறார். மூணு மாச நோட்டு கைக்கு வந்ததும் இன்னொரு எபிசோட்ல உட்காருவோம்.