தேயிலை மலையில் ஆங்கிலம் – 9: ஆயத்தம்

ஒருவன் ஒரு காரியத்துக்கு ஆயத்தமாக இருக்கிறான் என்பதை ஆங்கில மொழி எவ்வெவ்வாறு சொல்லுகிறது என்பதை இவ்வாரம் பார்ப்பதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையிலே சரிவு சரிவாகப் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள், இத்தொடர்களைப் பரீட்சைக்காக ஒரு பட்டியலாய் மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவதைக் காணுந்தோறும் எனக்கு மனவருத்தம் உண்டாகிறது. ஏனெனில், அவற்றின் பொருளை உள்ளபடி உணர்த்தவல்ல அனுபவம் அவர்களுடைய பாட்டன் பாட்டிமாரிடத்திலேயே நிரம்ப இருக்கிறது.

1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்னும் பிரிட்டிஷ் வர்த்தகர், இலங்கையில் தேயிலைப் பயிரில் தேர்ந்த ஏ. பி. மில்ன் என்பவரைத் துணைகொண்டு 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். மலைக்காட்டைத் திருத்தி, செங்குத்தான சரிவுகளில் கன்று நட்டு, அக்கன்றுகள் கொழுந்து கிள்ளும் பருவத்தை அடையும்வரையில் சில ஆண்டுகள் பொறுத்திருந்து, பின்னர் தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடைய நாள் பெரட்டுக்களத்திலே தொடங்கிற்று. விடியுமுன் யாவரும் ஓரிடத்தில் கூடி வரிசையாய் நிற்க, தோட்டத்து எழுத்தரான கிராணியார் பெயர் கூப்பிட்டு வேலை பங்கிடும் அந்தச் சடங்குக்குப் 'பெரட்டு' என்று பெயர். சிப்பாய்களின் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்ற சொல்லே தோட்டத்து நாவில் இவ்வடிவம் பெற்றது.

ஆங்கிலேயரின் ஆயத்தச் சொற்களில் பல இவ்வாறு போர்க்களத்திலும் கப்பலிலும் பிறந்தவை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். 'கீப் யுவர் பவுடர் டிரை' என்றால், வெடிமருந்தை நனையாமல் வைத்திரு என்பது சொற்பொருள். எந்த நேரமும் செயலுக்குச் சித்தமாயிரு என்பது கருத்து. கிராம்வெல் தம் சேனைக்கு இவ்வாறு புத்தி சொன்னதாக, 1834-இல் வெளிவந்த வில்லியம் பிளாக்கரின் பாடல் ஒன்று கூறுகிறது. 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' என்பது மாலுமிகள் அனைவரையும் மேல்தளத்துக்கு அழைக்கும் கட்டளை. 'பேட்டன் டவுன் த ஹேட்சஸ்' என்பதோ, புயல் வருமுன் கப்பலின் தளவாயில்களைத் தார்ப்பாயினால் மூடி, மரச்சட்டம் கொண்டு இறுக்கிவிடும் வேலையிலிருந்து வந்தது.

கடலே காணாத மலைநாட்டுப் பிள்ளைக்கு இக்கடைசித் தொடரை எவ்வாறு விளக்குவது என்று ஆசிரியர்கள் மலைக்க வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் நள்ளிரவு கழிந்த வேளையில், கனமழையினால் நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கிலே பாய்ந்து, வீடுகளையும் வாகனங்களையும் வாரிக்கொண்டு போனதோடு உயிர்களையும் பலிகொண்டது. மூட வேண்டிய வாயிலை நேரத்தோடு மூடுவது, விலக வேண்டிய இடத்தைவிட்டு நேரத்தோடு விலகுவது என்பவற்றின் அருமை அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல அந்த இரவே போதும்.

இனி, போரும் கடலும் சாராத ஒரு தொடர். 'கர்ட் அப் யுவர் லாயின்ஸ்' என்பது விவிலியத்தின் வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. நெடிய அங்கி உடுத்திய பழங்கால மக்கள், ஓடவோ உழைக்கவோ வேண்டிய சந்தர்ப்பத்தில் அந்த அங்கியைத் தூக்கி அரையிலே இறுக்கிக் கட்டிக்கொண்டதை இது காட்டுகிறது. 'வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினான்' என்று நாம் சொல்லுவதற்கும் இதற்கும் அணுவளவும் பேதமில்லை. இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையிலே விட்டு, பனியில் நனைந்த செடிகளுக்கிடையே புகுவதற்காகச் சேலையை உயர்த்தி வரிந்து கட்டி, இடுப்பைச் சுற்றிக் கனத்த துணியும் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு நடந்த பெண்களுக்கு, இது உடம்பினால் நாள்தோறும் செய்த காரியம். துரைமார் எதிர்பார்த்த ஆயத்தம் ஆறு மணிக்கு வரிசையில் நிற்பது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அப்பெண்கள் செய்துமுடித்த ஆயத்தம் செக்ரோல் என்னும் எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறவில்லை. என் அபிப்பிராயத்தில், ஆங்கிலத் தொடர்கள் அனைத்திலும் தோட்டத்துப் பிள்ளை முதன்முதலாகக் கற்க வேண்டியது இதுவே.

மனிதர் ஆயத்தமாவது ஒருபுறமிருக்க, பொருள் ஆயத்தமாவதும் உண்டு. 'ரைப் ஃபார் த பிளக்கிங்' என்று ஆங்கிலேயர் சொல்லுவது பறிப்பதற்குப் பக்குவமான கனியை எண்ணி. கைநீட்டினால் கிடைக்கக்கூடிய எதற்கும் அது இன்று வழங்குகிறது. தேயிலையில் இந்தப் பக்குவம் மிகவும் நுட்பமானது. ஈரிலையும் ஒரு மொட்டுமாக நிற்கும் கொழுந்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுற்று வரும்போது பதமாயிருக்கும். சுற்றுத் தவறினால் முற்றிவிடும். கிள்ளியபின்னும் அது காத்திராது. அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போய் வாடப் போட வேண்டும். கொழுந்தின் பதத்தைக் கண்ணினால் பாராமலே விரல்நுனியினால் அறிந்தவர்கள் இந்த மலையில் இருந்தார்கள்; இன்றும் முதியோர் சிலர் இருக்கிறார்கள். கூடையின் இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்து, வங்காள தேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தோர் வரிசையில் நிற்கும் இக்காலத்தில், அம்முதியோருடைய பேரப்பிள்ளைகள் பட்டணங்களில் குடியேறிவிட்டார்கள். பெரட்டு என்ற சொல்லே அவர்களிற் பலருக்குத் தெரியாது.

மழை நாளுக்கென்று சேமித்து வைப்பதைக் குறிக்கும் 'ரெயினி டே' என்ற தொடரையும், மழைக்கு முன்னே குடையை ஆயத்தம் செய் என்னும் மலாய்ப் பழமொழியையும் அருகருகே வைத்துச் சொல்லித்தந்தால், மூன்று மொழி பேசி வளரும் நம் பிள்ளைகள் இரண்டையும் ஒருங்கே பற்றிக்கொள்வார்கள்.

ஆயத்தத்தைக் குறித்துத் தங்கள் தோட்டத்தில் வழங்கிய சொற்களை வாசகர்கள் மூத்தோரிடம் கேட்டு எழுதியனுப்பினால், அவற்றை இத்தொடரில் நன்றியுடன் சேர்த்துக்கொள்வேன். அடுத்த வாரம், காலதாமதத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள்.