ஹைக்கு என்றொரு இயக்க முறைமை

கணிப்பொறி என்றதும் நம் மாணவ நண்பர்களுள் பெரும்பாலோர் நினைவில் எழுவது விண்டோஸ். கைப்பேசி என்றால் ஆண்ட்ராய்டு. இவையன்றி வேறு இயக்க முறைமைகள் உண்டா என்று வினவினால், கணிப்பொறி அறிவியல் பயிலும் என் வகுப்புத் தோழர்களே லினக்ஸ் என்ற ஒரு பெயரைச் சொல்லி நிறுத்திக் கொள்கின்றனர். பெருநிறுவனம் எதன் துணையும் இன்றி, விளம்பரமும் இன்றி, ஆர்வலர் சிலரது ஓய்வு நேர உழைப்பாலேயே இருபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வரும் ஓர் இயக்க முறைமை இருக்கிறது. ஹைக்கு என்பது அதன் பெயர். அதனை அறிமுகம் செய்யவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்களும் இம்மலரைப் படிப்பார்கள் ஆதலால், துறை சார்ந்தோர் முதற் சில பத்திகளைப் பொறுத்தருள வேண்டும்.

கணிப்பொறியின் செயலி, நினைவகம், வட்டு, திரை ஆகியவற்றை நாம் எழுதும் நிரல்கள் நேராகத் தொடுவதில்லை. இடையில் நின்று அவற்றைப் பங்கிட்டுத் தருவதே இயக்க முறைமை. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்து நண்பர்களுக்கு விளங்கும்படிச் சொல்வதானால், தோல் ஷாப்பில் மேஸ்திரி செய்யும் வேலை. எந்த டிரம்மில் எந்த லாட் ஏற வேண்டும், எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம், அடுத்த லாட் எப்போது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அவர். ஒரே டிரம்முக்கு இருவர் போட்டியிடாமல் பார்த்துக் கொள்வதும் அவர் பொறுப்பே. மேஸ்திரி திறமையற்றவராயின் டிரம் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

எனக்கு இதில் நாட்டம் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதை யாவரும் அறிவோம். அத்திட்டத்தில் என் அக்காள் பெற்ற மடிக்கணினி எங்கள் வீட்டில் இருந்தது. நினைவகம் 2 ஜி.பி. அதில் விண்டோசும், சென்னை சி-டாக் மையம் டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் இந்திய இயக்க முறைமையும் சேர்ந்தே இருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்லப் புதிய மென்பொருள்கள் பருத்துவிட்டன; அந்த மடிக்கணினியோ பருக்கவில்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், பழைய பொறிகளில் இல்லாத பாதுகாப்புச் சில்லும் வேண்டும். விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. காயலான் கடைக்குப் போடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. திரையும் விசைப்பலகையும் நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொறியை எடைக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. சிற்றியக்க முறைமைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஹைக்குவின் கதை பி என்னும் நிறுவனத்திலிருந்து தொடங்குகிறது. ஆப்பிள் நிறுவனத்தில் உயர் பதவி வகித்து விலகிய ஜான் லூயி கஸே என்னும் பிரெஞ்சுக்காரர் 1990-இல் அதனை நிறுவினார். பழைய நிரல்களின் சுமை ஏதுமின்றி, ஒலியும் ஒளியும் கையாள்வதற்கென்றே புதிதாக எழுதப்பட்ட அவர்களது இயக்க முறைமைக்குப் பி-ஓ.எஸ். என்று பெயர். 1996-இல் ஆப்பிள் தனக்கு ஒரு புதிய இயக்க முறைமையை வெளியிலிருந்து வாங்க முற்பட்டபோது பி நிறுவனத்தோடுதான் பேச்சு நடத்தியது. விலை படியவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிள் ஸ்டீவ் ஜாப்சின் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியது. இன்று ஐபோனில் ஓடுவது அந்த நெக்ஸ்ட்டின் வழித்தோன்றலே. பேரம் வேறு விதமாக முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது சுவையான பொழுதுபோக்கு.

2001-இல் பி நிறுவனத்தின் உடைமைகளைப் பாம் நிறுவனம் சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கிக் கொண்டது. கணிப்பொறி விற்பனையாளர்கள் தன் மென்பொருளை ஏற்றித் தர முடியாதபடி தடுத்ததாக மைக்ரோசாப்ட் மீது பி தொடுத்த வழக்கு, 2003-இல் சமரசத்தில் முடிந்தது. மைக்ரோசாப்ட் 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. ஆனால் தவறு செய்ததாக ஏற்கவில்லை. நிறுவனம் மறைந்தது. மூல நிரல் பூட்டிய பெட்டிக்குள் போயிற்று.

அதனைப் பயன்படுத்தி மகிழ்ந்தவர்கள் அத்துடன் விட்டுவிடவில்லை. மூல நிரல் கிடைக்காவிட்டால் என்ன, வெளியிலிருந்து பார்த்து ஒவ்வொரு பகுதியாக நாமே திரும்ப எழுதுவோம் என்று 2001-இலேயே கூடினர். ஓபன் பி-ஓ.எஸ். என்று தொடங்கிய அம்முயற்சி 2004-இல் ஹைக்கு எனப் பெயர் மாறியது. பி-ஓ.எஸ்.ஸின் இணைய உலாவி, பக்கம் கிடைக்காதபோது பிழைச் செய்தியை ஜப்பானிய ஹைக்கூ வடிவில் சொல்லும் வழக்கம் உடையது. அதன் நினைவாகவே இப்பெயர். தமிழில் ஹைக்கூவைப் பரப்பியவர்களுள் முதன்மையான கவிக்கோ அப்துல் ரகுமான் நம் பக்கத்து வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் என்பதால், இப்பெயர் நமக்கு அவ்வளவு அந்நியம் அன்று.

கருப்பகுதிக்கு மட்டும் அவர்கள் ஓர் அடித்தளம் தேடினர். பி நிறுவனத்தின் பழைய பொறியாளர் டிராவிஸ் கைசல்பிரெக்ட் தம் விருப்பத்துக்கு எழுதி வைத்திருந்த நியூ-ஓ.எஸ். என்னும் நிரல் அவர்களுக்குக் கை கொடுத்தது. முதல் சோதனைப் பதிப்பு வெளிவந்தது 2009 செப்டம்பரில். அடுத்த நிலையான பீட்டா முதற்பதிப்பு 2018-இல். ஐந்தாம் பீட்டா 2024 செப்டம்பரில். இவ்வளவு மெதுவா என்று நகைப்போர் நகைக்கலாம். சம்பளம் இன்றி எழுதுவோர்க்குக் காலக்கெடு விதிக்க எவருக்கும் உரிமை இல்லை என்பது என் கருத்து. நன்கொடையைக் கொண்டு நிரலாளர் சிலரை அவர்கள் அவ்வப்போது ஒப்பந்தத்தில் அமர்த்தியதும் உண்டு.

இனி அதன் உள்ளமைப்பைக் காண்போம். முதற் சிறப்பு இழைகள். ஒரு நிரல் ஒரே வரிசையில் வேலை செய்யாமல் பல கிளைகளாகப் பிரிந்து ஒரே காலத்தில் ஓடுவதைத்தான் இழை என்கிறோம். ஷூ கம்பெனியில் தோல் வெட்டுவது ஒரு பிரிவு, மேல்பாகம் தைப்பது ஒரு பிரிவு, அச்சில் ஏற்றுவது ஒரு பிரிவு என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பது போல. ஹைக்குவில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி இழை கட்டாயம். ஆகவே ஒரு நிரல் பெரிய கணக்கொன்றில் மூழ்கியிருந்தாலும் அதன் சாளரம் நம் சொடுக்குக்கு மறுமொழி தருகிறது. இதனால் நிரல் எழுதுவோர்க்குத் தலைவலி அதிகம். பயன்படுத்துவோர்க்கோ பழைய பொறியும் சுறுசுறுப்பாகத் தோன்றுகிறது. குறைந்த அளவாக 384 எம்.பி. நினைவகம் போதும் என்கின்றனர், 2 ஜி.பி. இருந்தால் நல்லது. எங்கள் மடிக்கணினியில் சரியாக அந்த 2 ஜி.பி. இருந்தது.

நான் மிகவும் வியந்தது கோப்பு முறைமையைத்தான். டொமினிக் ஜாம்பாவ்லோ என்பார் தம் சகாவுடன் பி நிறுவனத்துக்காக வடிவமைத்தது அது. (அவர் பின்னர் ஆப்பிளுக்குச் சென்று அங்கும் இத்துறையிலேயே பணியாற்றினார்.) நாம் பழகிய முறைமைகளில் ஒரு கோப்புக்குப் பெயர், அளவு, தேதி என்னும் சிலவே அடையாளம். ஹைக்குவிலோ எந்தக் கோப்புக்கும் நாம் விரும்பிய பண்புகளை நாமே சேர்க்கலாம். சேர்த்த பண்புகளைக் கொண்டு வட்டு முழுவதையும் தரவுத்தளம் போல வினவலாம். மின்னஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கோப்பு. அனுப்பியவர், பொருள், நாள் ஆகியவை அதன் பண்புகள். முகவரிக் குறிப்போ உள்ளே ஒரு எழுத்தும் இல்லாத வெற்றுக் கோப்பு; பெயரும் தொலைபேசி எண்ணும் பண்புகளாகவே ஒட்டிக் கொண்டிருக்கும்.

இதன் பயனை நான் கண்டது என் மாமாவின் வேலையில். அவர் ஆம்பூரில் சிறிய அளவில் தோல் வாங்கி விற்பவர். வரும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு துண்டு வெட்டிக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பார். படங்கள் பெருகப் பெருக எது எந்தச் சரக்கு என்பது அவருக்கே புரியாமல் போயிற்று. கணக்கு மென்பொருள் வாங்கும் அளவுக்கு வியாபாரம் இல்லை. நான் அந்த 312 படங்களையும் மடிக்கணினியில் ஏற்றி, படக் கோப்பு வகைக்கே ஆறு பண்புகளைச் சேர்த்தேன்: லாட் எண், ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா, வெட் ப்ளூவா கிரஸ்டா பினிஷ்டா, தடிமன், நிறம், சதுர அடி. இரண்டு ஞாயிற்றுக் கிழமைகள் மாமா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இப்போது கோப்புறையைத் திறந்தால் படங்களுக்குப் பக்கத்தில் இவையெல்லாம் பேரேட்டுப் பத்திகள் போல வரிசையாக நிற்கின்றன. ஒரு மாலை மாமா தொலைபேசியில், "தம்பி, ஆட்டுத் தோல் கிரஸ்ட், ஒண்ணுலேர்ந்து ஒண்ணு ரெண்டு மில்லிக்குள்ள என்னென்ன கைவசம் இருக்கு பாரு, பார்ட்டி லைன்லயே இருக்காரு" என்றார். வினவலை எழுதி முடித்ததும் ஒன்பது படங்கள் வந்தன. வினவல் சாளரத்தைத் திறந்தே வைத்தால், புதிய படம் சேரும்போது அதுவாகவே பட்டியலில் வந்து அமர்கிறது என்பது இன்னொரு வசதி.

முயல விரும்புவோர் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்க. பண்பை வினவ வேண்டுமானால் அதற்கு முன்பே அகரவரிசை போன்ற ஒரு சுட்டியை உண்டாக்கிவிட வேண்டும்; சுட்டிக்கு முன்பு எழுதப்பட்ட பண்புகள் வினவலில் அகப்படா. அடுத்து, சாதாரணப் பென்டிரைவில் நகலெடுத்தால் படம் போகும், பண்புகள் போகா. ஹைக்குவிலேயே உள்ள ஜிப் நிரலால் கட்டிக் கொண்டு போனால் அவையும் உடன் வரும்.

மென்பொருள் நிறுவும் முறையும் புதுமையானது. ஒரு பொதிக் கோப்பைக் குறித்த கோப்புறையில் இட்டால் நிறுவியாயிற்று, எடுத்தால் நீங்கியாயிற்று. ஏதேனும் கெட்டுப் போனால் பொறியை இயக்கும்போதே முந்தைய நிலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

குறைகளையும் மறைக்கலாகாது. பயனர் ஒருவரே, அவருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. ஆதலால் பலர் கைபடும் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்துக்கு இது ஏற்றதன்று. கம்பியில்லா இணைப்புக்கான இயக்கிகளை பி.எஸ்.டி. குடும்ப முறைமைகளிடமிருந்து இரவல் பெற்றிருக்கிறார்கள். எல்லாப் பொறியிலும் அவை ஒத்துழைக்கும் என்று உறுதி கூற இயலாது. முப்பரிமாண விளையாட்டுகளை எதிர்பார்ப்போர் ஏமாறுவர்.

எனக்குப் பெருங்குறையாகப் பட்டது தமிழ். மாமா சொன்ன ஊர்ப் பெயர்களையும் நிறங்களையும் தமிழில் எழுத எண்ணித் தமிழ் எழுத்துரு ஒன்றை ஏற்றினேன். 'மேல்விஷாரம்' என்று எழுதினால் மகரத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. காரணம் இதுதான். யூனிகோடு முறையில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி என்று ஒலி வரிசையில் எழுத்துகள் சேமிக்கப்படுகின்றன. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் நாம் கொம்பை முதலில் அடித்துப் பிறகு எழுத்தை அடிப்போம். பார்வை வரிசையும் அடிக்கும் வரிசையும் ஒன்றே. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் 'லை', 'ணா' போன்றவற்றின் வடிவை மாற்றியதே தவிர, கொம்பு முன்னே நிற்பதை மாற்றவில்லை. ஆகவே சேமிப்பு வரிசையைப் பார்வை வரிசையாக்கவும், 'கொ' போன்றவற்றில் குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைக்கவும், 'பு', 'மு' என்று கூட்டெழுத்து அமைக்கவும் இடையில் ஒரு நிரல் வேண்டும். நான் ஏற்றிய ஐந்தாம் பீட்டாவின் சொந்தச் செயலிகளில் அது இல்லை.

அத்தகைய நிரல் உலகில் இல்லாமல் இல்லை. ஆண்ட்ராய்டிலும் குரோமிலும் பயர்பாக்சிலும் தமிழைச் சரியாக வடிப்பது ஹர்ப்பாஸ் என்னும் திறந்த மூல நிரல். (பாரசீகத்தில் இதற்குத் 'திறந்த எழுத்து' என்று பொருள், ஹர்ஃப் என்ற சொல்லை உருது அறிந்த ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்கள் உடனே அடையாளம் காண்பர். வலமிருந்து இடமாக எழுதும் அவர்களது உருதுக்கும் இங்கே இதே கதிதான்.) அதனை ஹைக்குவின் திரை வரையும் பகுதியோடு பிணைப்பதே வேலை. ஒரு சொல்லின் அகலத்தை அளப்பது, எழுத்துகளுக்கு இடையே சுட்டியை நகர்த்துவது, பாதி எழுத்து அழியாமல் பார்ப்பது என்று பிணைத்தபின் திருத்த வேண்டிய இடங்கள் பல. மூல நிரல் எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்தே கிடக்கிறது. சி பிளஸ் பிளஸ் அறிந்தவர் எவரும் படிக்கலாம். கூகுள் நடத்தும் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் 2007 முதல் ஹைக்கு பங்கு பெற்று வந்திருக்கிறது. இந்திய மாணவர்களும் அதன் வழியே இதில் எழுதியிருக்கிறார்கள். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு இயக்க முறைமையைப் படிப்படியாகத் தாமே எழுதிக் கற்பதற்கென எக்ஸ்-பி-ஓ.எஸ். என்னும் பாடத் திட்டமே வகுத்திருக்கின்றனர். கருவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் ஹைக்குவுக்குள் நுழைவதைவிட, அதைச் சிறிது செய்து பார்த்துவிட்டு வருவது எளிது. நான் இப்போது அதன் தொடக்க நிலைகளில் இருக்கிறேன். விடுமுறைக்குள் நினைவகப் பகுதியை முடித்துவிட வேண்டும்.

ஹைக்குவைப் பார்க்க மட்டும் விரும்புவோர் வட்டை அழிக்கத் தேவையில்லை. 8 ஜி.பி. பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே பொறியை இயக்கலாம். எடுத்துவிட்டு மீண்டும் இயக்கினால் பழைய முறைமை முன்போலவே வரும். அப்படி எழுதிய பென்டிரைவ் ஒன்று என்னிடம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு கணிப்பொறி அறிவியல் வகுப்பில் மதிய இடைவேளையில் கேட்டால் கிடைக்கும்.