எண்பது வயதுக்கும் உண்டு முழுச் சிகிச்சை

"அப்பாவுக்கு எண்பது வயசாச்சு டாக்டர். ஒரு ஸ்டென்ட் வெச்சாச்சே, போதாதா?" மாரடைப்பு வார்டு வாசலில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால், வயதை மட்டும் பார்த்து மற்ற அடைப்புகளை அப்படியே விட்டுவிடக் கூடாது.

நெஞ்சுவலி இல்லாமலும் வரும்

முதியவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு, மூச்சிரைப்பு, திடீர் வியர்வை, அசதி, மனக்குழப்பம் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். 'வாயுத் தொல்லை' என்று கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

மற்ற அடைப்புகளை என்ன செய்வது?

ஆஞ்சியோகிராம் திரையில் இதயக் குழாய்கள் மரக்கிளைகள் போலத் தெரியும். மாரடைப்புக்குக் காரணமான கிளை பாதியில் அறுந்ததுபோல் நிற்கலாம்; அதை முதலில் திறக்கிறார்கள். வேறு கிளைகளும் ஆங்காங்கே ஒடுங்கியிருக்கலாம். ஒடுங்கித் தெரிவதெல்லாம் இரத்த ஓட்டத்தைத் தடுப்பதில்லை. அதனால், மெல்லிய கம்பி ஒன்றை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, மருந்து கொடுத்து, இருபுறமும் அழுத்தத்தை அளக்கிறார்கள். விகிதம் 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால், ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள்.

ஆய்வு சொல்வது

இத்தாலி, ஸ்பெயின், போலந்தில் 75 வயதும் அதற்கு மேலுமான 1,445 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த 'ஃபயர்' ஆய்வு 2023-இல் வெளியானது. காரணமான அடைப்பை மட்டும் நீக்கியவர்களில் 21 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், மறு சிகிச்சை ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தது. மற்ற அடைப்புகளையும் அளந்து, தேவையானவற்றை நீக்கியவர்களில் அது 15.7 சதவீதம்.

ஆனாலும், எல்லா முதியவர்களுக்கும் ஒரே விதி பொருந்தாது. குழாய் முழுதும் அடைபடாத வகை மாரடைப்பு வந்த 1,518 முதியவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. ஆஞ்சியோ வழிச் சிகிச்சையோ மருந்து மட்டுமோ, இதய நோயால் இறப்பதும் மறுபடி மாரடைப்பு வருவதும் சேர்ந்த கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. சிறுநீரகம், இரத்தக்கசிவு அபாயம், உடல் தளர்ச்சி எல்லாவற்றையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க

ஸ்டென்ட் வைத்தபின் தரும் இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை, 'வலிதான் போயிடுச்சே' என்று நிறுத்தாதீர்கள். பல் பிடுங்குவதற்காக நிறுத்துவதானாலும் இதய மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

"மிச்ச அடைப்புகள் ஓட்டத்தைத் தடுக்கின்றனவா? இவர் உடல் தாங்குமா?" மருத்துவரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். வாசலில் நின்று அல்ல, அப்பாவின் கட்டிலருகே. அவர் விருப்பத்தையும் அவரிடமே கேளுங்கள்.