மாரடைப்பா, வாயுவா? சீட்டுக் குலுக்கிக் கண்டுபிடித்த வைத்தியம்



குழுவில் அவசரக் கடன் கேட்டு வருகிறவர்கள் "ஆஞ்சியோ பண்ணணுமாம்", "ஸ்டென்ட் வைக்கணுமாம்" என்று சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். மனசு பதறித்தான் பணம் கொடுக்கிறோம். கொடுக்க வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. எந்த நேரத்தில் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் ஓடணும், எந்த நேரத்தில் உட்கார்ந்து டாக்டரிடம் நாலு கேள்வி கேட்கலாம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஆராய்ச்சி செய்து கண்ட விடை இருக்கிறது.

இதயம் ஒரு பம்பு செட் மாதிரி. ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைக்கிற பம்பு செட்டுக்கும் கரண்டு வேணும் இல்லையா? அதுபோல, உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கும் ரத்தம் வேணும். அதைக் கொண்டு போவது கரோனரி ரத்தக் குழாய்கள். பல வருஷமாக இந்தக் குழாய்களின் சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகுகிறது. அப்படிக் குறுகினால், மேட்டில் ஏறும்போது, குடம் தூக்கும்போது நெஞ்சு இறுக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். இது ஒரு வகை.

இன்னொரு வகை, படிந்த கொழுப்பு திடீரென்று வெடித்து அதன்மேல் ரத்தம் கட்டியாக உறைந்து குழாயையே அடைப்பது. அதுதான் மாரடைப்பு. உட்கார்ந்தாலும் படுத்தாலும் விடாது. ரத்தம் போகாத இடத்தில் இதயத் தசை செத்துக்கொண்டே வரும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை மனசில் வையுங்கள், பின்னால் திரும்ப வரும்.

ஒரு வைத்தியம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "எங்க சித்தப்பாவுக்குக் கேட்டுச்சு" என்பது போதாது. 1950களில் அமெரிக்காவில் நெஞ்சு வலிக்கு மார்புக்குள் ஓடும் ஒரு ரத்தக் குழாயைக் கட்டிவிடும் ஆபரேஷன் செய்தார்கள். பலருக்கு வலி குறைந்தது. டாக்டர்களுக்கும் சந்தோஷம். 1959-ல் சியாட்டில் நகரத்து டாக்டர்கள் 17 பேரை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு நிஜமாகவே குழாயைக் கட்டினார்கள். மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. பார்த்தால், கீறித் தைத்தவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்திருந்தது! 'வைத்தியம் ஆச்சு' என்ற நம்பிக்கையே பாதி வலியை எடுத்துவிடுகிறது. அந்த ஆபரேஷன் அதோடு வழக்கொழிந்து போனது.

இனி பெரிய ஆராய்ச்சிக்கு வருவோம். ரத்தக் கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து இருந்தது. ஆஸ்பிரின் மாத்திரையோ நம்ம ஊர் பெட்டிக் கடையிலும் கிடைத்த தலைவலி மாத்திரை. இவை மாரடைப்பில் உயிர் காக்குமா? இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 16 நாடுகளில் 417 ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக்கொண்டு 17,187 நோயாளிகளிடம் சோதித்தார்கள். குழுவில் குலுக்கல் சீட்டு எடுக்கிற மாதிரிதான். ஒருவருக்கு மருந்து டிரிப்பு மட்டும், ஒருவருக்கு ஆஸ்பிரின் மட்டும், ஒருவருக்கு இரண்டும், ஒருவருக்கு இரண்டும் இல்லாமல் மருந்து போலவே இருக்கும் வெறும் டிரிப்பும் வெறும் மாத்திரையும். டாக்டர் விருப்பத்துக்குப் பொறுக்கினால், தேறக்கூடியவர்களுக்கே நல்ல மருந்து போய்ச் சேரும், கணக்கு பொய்யாகிவிடும். அதனால்தான் குலுக்கல்.

முடிவு 1988-ல் வந்தது. ஐந்து வாரத்தில், இரண்டும் கிடைக்காதவர்களில் 100-க்கு 13 பேர் இதய, ரத்தக் குழாய்க் கோளாறால் இறந்திருந்தார்கள். இரண்டும் கிடைத்தவர்களில் 8 பேர். வலி தொடங்கி 4 மணி நேரத்துக்குள் இரண்டும் கிடைத்தவர்களில் 6 பேர்தான். மாத்திரை அதேதான், டிரிப்பும் அதேதான். கடிகாரம் மட்டும்தான் வேறு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆண்களுக்கு எப்படி, வயசானவர்களுக்கு எப்படி என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார்களாம். பிறந்த தேதிப்படி ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டுக் காட்டினார்கள் ஆராய்ச்சியாளர்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தரவில்லை என்று வந்தது! ஒரு கணக்கைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டே போனால் இப்படித்தான் ஏதாவது ஒரு கோணல் கிடைக்கும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். துலாம் ராசிக்காரர்கள் பயப்பட வேண்டாம்.

சரி, நம்ம ஊருக்கு என்ன? பெரிய ஆஸ்பத்திரி 80 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 4 மணி நேரத்துக்குள் எங்கே போவது? இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆராய்ச்சி நடந்தது. 2012 முதல் 2014 வரை, சின்ன ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்சுகளையும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு இணைத்து, நான்கு வட்டங்களாக அமைத்துப் பார்த்தார்கள். பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே ஈ.சி.ஜி. எடுத்து, அந்தப் படத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தூரம் அதிகமானால் கட்டி கரைக்கும் மருந்தை அங்கேயே போட்டு, பிறகு ஆஞ்சியோவுக்கு அனுப்புவது. இந்த ஏற்பாட்டுக்கு முன்னால் ஒரு வருஷத்துக்குள் 100-க்கு சுமார் 18 பேர் இறந்தார்கள். ஏற்பாட்டுக்குப் பின்னால் 14 பேர். 2017-ல் இந்த முடிவு வெளியானது.

அந்த ஆராய்ச்சியில் ஒரு எண் என்னை உறுத்துகிறது. மொத்தம் 2,420 நோயாளிகளில் பெண்கள் 386 பேர்தான். ஆறில் ஒருவர். பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடச் சில வருஷம் தாமதமாக வரும் என்பது உண்மை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. மாமியாருக்கு நெஞ்சு எரிந்தால் ஓமத் தண்ணி, நமக்கு வந்தால் ஒரு சோடா, "காலையில பாத்துக்கலாம்" என்ற பேச்சு. வீட்டுக்காரருக்கு வந்தால் அந்த ராத்திரியே வண்டி பிடிக்கிறோம், இல்லையா?

பெண்களுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் அதோடு, சில நேரம் அது இல்லாமலேயே, மூச்சு முட்டல், குமட்டல், தாடை வலி, முதுகு வலி, குளிர்ந்த வியர்வை, இனம் தெரியாத அசதி என்றும் வரும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம். வாயுவா மாரடைப்பா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று அர்த்தமில்லை. திரும்ப எடுக்க வேண்டும், டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் சத்து அது. 108-க்குப் போன் போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முதல் டோஸ் மாத்திரைகள் தருவதற்காகவே 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டம் தொடங்கியது.

ஆஸ்பிரின் நல்லது என்றதும் தினம் ஒன்று போட ஆரம்பித்துவிடாதீர்கள். இதய நோய் இல்லாத வயசானவர்களுக்குத் தினம் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியின் முடிவு 2018-ல் வந்தது. இதயத்துக்குப் பெரிய பலன் இல்லை, ரத்தக் கசிவுதான் கூடியது.

இப்போது அந்த முதல் வகைக்கு வருவோம். நடந்தால் இறுக்கி, உட்கார்ந்தால் விட்டுவிடும் வலி. மாரடைப்பில் ஸ்டென்ட் உயிர் காக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். இதில் என்ன? 37 நாடுகளில் 5,179 பேரை, இந்தியர்களையும் சேர்த்து, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறுபக்கத்துக்கு மாத்திரையும் பழக்க மாற்றமும், அது போதாவிட்டால் மட்டும் ஆஞ்சியோ. 2020-ல் வெளியான முடிவு: மூன்று வருஷத்துக்கு மேல் பார்த்தும், இறப்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அடிக்கடி வலி வந்தவர்களுக்கு ஸ்டென்ட் வலியை நன்றாகக் குறைத்தது. இடது பக்கத்துப் பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களையும் இதயம் மிகவும் பலவீனமானவர்களையும் இந்த ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. அவர்கள் கதை வேறு.

அதனால், கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். இது மாரடைப்பா, நாள்பட்ட அடைப்பா? எந்தக் குழாயில்? மாத்திரை சாப்பிட்டுப் பார்க்க அவகாசம் உண்டா? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். "இப்பவே வைக்கணும், மாரடைப்பு" என்றால் மறுபேச்சு வேண்டாம்.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மருந்து பூசிய ஸ்டென்ட் லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு சுமார் 30,000 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது. விலைவாசிக்கேற்ப அது கொஞ்சம் மாறும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் எல்லாம் உண்டு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்த பிறகு அட்டையைத் தேடினால் கிடைக்காது. அடுத்த குழுக் கூட்டத்தில், யார் யார் வீட்டில் காப்பீட்டு அட்டை இல்லை என்று தீர்மான நோட்டில் ஒரு பக்கம் எழுதி, வருமானச் சான்றுக்கு யாரை எப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் கூட்டிப் போவது என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.