கிளினிக்கில் 320, வீட்டில் 180: பூனையின் சுகர் ரீடிங்கில் எதை நம்புவது?

கூடைக்குள் அடைத்து, ஆட்டோவில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் அரை மணி நேரம் காத்திருக்க வைத்து, கடைசியில் ஊசியும் குத்தினால் எந்தப் பூனைக்குத்தான் சுகர் ஏறாது?

இது கிண்டல் இல்லை. பூனைகளுக்குப் பயத்தாலேயே ரத்தச் சர்க்கரை எகிறும். சர்க்கரை நோயே இல்லாத பூனைக்குக்கூட 300-ஐத் தாண்டலாம். அந்த எண்ணை மட்டும் நம்பி இன்சுலினைக் கூட்டினால், வீட்டுக்கு வந்து பயம் தெளிந்த பிறகு சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அதனால்தான் வீட்டில் எடுக்கும் ரீடிங்கிற்கு இவ்வளவு மதிப்பு.

எங்கே குத்துவது?

காது மடலின் ஓரத்தில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில். வெதுவெதுப்பான துணியைச் சில நொடிகள் காதில் ஒற்றினால் ரத்தம் எளிதாக வரும். பின்பக்கம் பஞ்சை வைத்துக்கொண்டால் உங்கள் விரலில் குத்தாது. ஒரு சின்னச் சொட்டு போதும். முதல் சில நாள் குத்தவே வேண்டாம். காதைத் தொட்டுப் பழக்கி, பிடித்த தீனி ஒன்றைக் கொடுங்கள்.

அப்பாவோட மீட்டர் போதுமா?

மனிதர்களுக்கான மீட்டர், பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். விலங்குகளுக்கான மீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால், எந்த மீட்டரில் பார்க்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, எப்போதும் அதிலேயே பாருங்கள்.

எப்போது பார்ப்பது?

பெரும்பாலான பூனைகளுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின். ஊசிக்கு முன் ஒரு ரீடிங் எடுங்கள். இன்சுலின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய, டாக்டர் சொல்லும் நாளில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, 12 மணி நேரத்துக்குப் பார்த்து எழுதுங்கள். சுகர் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் இதில் முக்கியம். காலையில் எடுக்கும் ஒரே ஒரு ரீடிங் அதைச் சொல்லாது.

எண் குறைஞ்சா என்ன செய்யணும்?

விலங்குகளுக்கான மீட்டரில் 60-க்குக் கீழே போனாலோ, பூனை தள்ளாடினாலோ, துவண்டு படுத்தாலோ உடனே சாப்பாடு வையுங்கள். சாப்பிட முடியாத நிலையில் இருந்தால், ஈறில் கொஞ்சம் தேன் தடவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். வலிப்பு வந்தால் வாய்க்குள் விரலும் வைக்காதீர்கள். ஊசிக்கு முந்தைய ரீடிங் வழக்கத்தைவிட ரொம்பக் குறைவாக இருந்தாலோ, பூனை சாப்பிடவில்லை என்றாலோ, டாக்டரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள். அதேபோல, எண் கூடியிருக்கிறது என்று நீங்களாக டோஸை ஏற்றவும் கூடாது.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. சீக்கிரமே சிகிச்சை தொடங்கி, மாவுச்சத்து குறைந்த உணவு கொடுத்தால், சில பூனைகளுக்கு ஒரு கட்டத்தில் இன்சுலினே தேவைப்படாமல் போகும். அந்தக் கட்டம் வரும்போது பழைய டோஸே எமனாகிவிடலாம். அதை முதலில் காட்டிக்கொடுப்பது, உங்கள் வீட்டு மீட்டர்தான்.