காரைப் புரட்டிப் போட்டுப் பழுது பார்ப்பது

பழைய அம்பாசிடரை வாங்க வருபவர் பானட்டைத் திறந்து பார்ப்பார், ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்ப்பார், பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பார். விவரம் தெரிந்தவரோ டிரைவர் காலடியில் கிடக்கும் மேட்டை உருவிப் போட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் தகட்டைக் குத்துவார். கார் சாகத் தொடங்கும் இடம் அதுதான். கண்ணாடி ரப்பர் வழியே கசியும் மழைநீர் கார்ப்பெட்டுக்கு அடியில் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும். சக்கரம் வாரியடிக்கும் சேறு கீழ்ப்பக்கத்தில் அப்பிக்கொண்டு ஈரத்தைக் காயவிடாது. கடலோர ஊராக இருந்தால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். இப்படி இரண்டு பக்கமும் அரிபட்ட தகடு ஒருநாள் பிஸ்கட்போல நொறுங்கும்.

இன்ஜினைக் கழற்றி மேஜைமேல் வைக்கலாம். சீட்டைத் தைக்கக் கொடுத்துவிடலாம். அடித்தகட்டை மட்டும் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவருவது சுலபமில்லை. வீட்டில் வைத்துப் பழைய காரைச் சீரமைக்க நினைப்பவர்களில் பலர் முதலில் வெல்டிங் மெஷின் வாங்குகிறார்கள். அடிப்பக்கத்தை எப்படி எட்டுவது என்ற முடிவு அதற்கும் முன்னால் வர வேண்டும். செய்யும் வேலையின் தரமும், செய்பவரின் உயிரும் அந்த முடிவில்தான் இருக்கின்றன.

போர்ட்டிகோவில் ஜாக்கியால் தூக்கி, மல்லாந்து படுத்து வேலை செய்வது எல்லோருக்கும் தோன்றும் வழி. பிரேக் குழாய் மாற்றவும் சைலன்சர் கழற்றவும் அது போதும். வெல்டிங்குக்குப் போதாது. தலைக்கு மேலே பற்றவைக்கும்போது உருகிய உலோகம் கீழ்நோக்கி வழிகிறது. சூடு தகட்டுக்குள் சரியாக இறங்காமல் பற்று மேலோட்டமாகவே நிற்கும். தீப்பொறி கழுத்துக்குள் விழும். சுரண்டிய துருவும் பழைய தாரும் முகத்தில் கொட்டும். ஒன்றரை அடி இடைவெளியில் கையை நீட்டவும் முடியாமல் போட்ட பற்றை, அடுத்த மழைக்காலத்தில் திரும்பப் பிய்க்க வேண்டியிருக்கும்.

ஆபத்து அதைவிடப் பெரிது. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கான கருவி, தாங்கி நிற்பதற்கானது அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் கசிந்தால் சொல்லாமல் இறங்கிவிடும். தூக்கிய உடனே பாடியின் உறுதியான இடங்களுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்து, பாரம் முழுவதையும் அவற்றுக்கு மாற்றிவிட வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடவே கூடாது. சுவரில் பரவலான பாரத்தைத் தாங்கும் கல், ஒரு முனையில் அழுத்தம் விழுந்தால் எச்சரிக்கையே இல்லாமல் வெடித்துவிடும். மண்தரையில் ஸ்டாண்டு புதையும். சமதளக் கான்கிரீட் தரை வேண்டும். கழற்றிய சக்கரங்களையும் பாடிக்கு அடியில் தள்ளி வைக்கலாம். உள்ளே போகும் முன் வண்டியை நன்றாக உலுக்கிப் பார்க்க வேண்டும். ஆடினால் அடியில் தலை வைக்கக்கூடாது.

மெக்கானிக் ஷெட்டில் இருப்பதுபோல வீட்டிலும் ஒரு குழி வெட்டிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். நின்றபடி வேலை செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கும். வெல்டிங்குக்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடும் ஆர்கானும் அப்படித்தான். முதலாவது தீப்பற்றும், மற்ற இரண்டும் மூச்சை அடைக்கும். காற்றோட்டத்துக்கு வழி செய்யாத குழியில் தீப்பொறி பறக்கும் வேலையே ஆகாது.

ஆகவே, தகட்டு வேலை நிறைய இருந்தால் மனிதன் காருக்கு அடியில் போவதைவிட, காரின் அடிப்பக்கம் மனிதனிடம் வருவதே நல்லது. அது எப்படி வரும் என்பது கார் பிறந்த விதத்தைப் பொறுத்தது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டாக வெளிவந்து, பிறகு சென்னையை அடுத்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரான கார் அது. தங்களுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிக்கொண்டதால், ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. தனிச் சேசிஸ் ஒன்றைச் செய்து, வெவ்வேறு இடங்களில் தயாரான பாடித் துண்டுகளை அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்று நெருக்கடியில் எடுத்த அந்த முடிவு, இன்று வீட்டில் சீரமைப்பவருக்கு வரமாக இருக்கிறது. பானட்டைக் கழற்றி, வயர்களையும் குழாய்களையும் பிரித்து, போல்ட்டுகளை எடுத்துவிட்டால் வெறும் பாடியை நாலைந்து பேர் கையாலேயே தூக்கி வைக்கலாம். சேசிஸ் தனியாக, பாடி தனியாக, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பாடியும் இப்படி அடித்தளத்திலிருந்து பிரியும்.

அம்பாசிடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் இந்த வசதி கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-லிருந்து வந்த அம்பாசிடரிலும், ஃபியட் 1100-லிருந்து வந்த பத்மினியிலும் தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், கூரை எல்லாம் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு. பிரித்தெடுக்கத் தனிச் சேசிஸ் இல்லை. கூட்டையே சாய்க்க வேண்டும், அல்லது சுழற்ற வேண்டும்.

ஒரு பக்கச் சக்கரங்களைக் கழற்றி, அந்த ஹப்புகளில் வளைந்த இரும்புச் சட்டத்தை மாட்டி, மெல்லத் தூக்கிச் சாய்ப்பது ஒரு முறை. பெட்ரோல், ஆயில், பேட்டரி எல்லாம் முன்னதாகவே வெளியேற வேண்டும். சாய்த்த பிறகு மறுபக்கம் சரியாமல் கட்டி நிறுத்த வேண்டும்.

முழுச் சீரமைப்புக்கு ஏற்றது சுழல்சட்டம். முன்னால் ஒரு கால், பின்னால் ஒரு கால். பம்பர் மாட்டும் இடங்களில் கூட்டைப் பிணைத்துவிட்டால் முழுவட்டமாகச் சுற்றலாம். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், கண்ணாடி, கதவு எல்லாவற்றையும் கழற்றிய வெறுங்கூடுதான் அதில் ஏறும். இங்கே நுட்பம் அச்சின் உயரத்தில் இருக்கிறது. கூட்டின் எடைமையம் அச்சுக்கு மேலே போனால் சட்டென்று கவிழப் பார்க்கும். கீழே இருந்தால் ஒவ்வொரு முறையும் ஊசலாடித் திரும்பி வரும். இரண்டும் ஒன்றினால், ஒரே ஆள் கையால் தள்ளி நினைத்த கோணத்தில் நிறுத்திவிடலாம். நிறுத்தியதும் பின் போட்டுப் பூட்டுவது கட்டாயம்.

அவசரக்காரர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இத்தகைய காரில் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டிச் சட்டம்தான் முதுகெலும்பு. இரண்டு முனைகளில் மட்டும் தொங்கும் கூட்டில் அதை வெட்டினால் நடுப்பகுதி தொய்ந்துவிடும். பிறகு எத்தனை தட்டினாலும் கதவு ஒழுங்காக மூடாது. அந்தச் சட்டத்தை, வண்டி சமமாகத் தாங்கி நிற்கும்போதே, கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் கொடுத்து ஒவ்வொரு பக்கமாக மாற்றிவிட வேண்டும். கதவைப் பொருத்தி இடைவெளி சரிபார்த்த பிறகுதான் கூட்டைச் சுழல்சட்டத்தில் ஏற்றித் தரைத்தகட்டைத் தொட வேண்டும். பம்பர் மாட்டும் இடமே துருப்பிடித்திருந்தால் எல்லாவற்றுக்கும் முதல் வேலை அதுதான்.

பெட்ரோல் டாங்கை வெறுமையாக்கினால் போதாது, இடத்தைவிட்டே அகற்ற வேண்டும். மிச்ச ஆவி நிறைந்த காலி டாங்க் வெடிக்கக்கூடியது. அடியில் பூசிய பழைய தார்ப்பூச்சும் கூரைக்குள் ஒட்டிய துணியும் கனன்று எரியும். பக்கத்தில் ஒரு துணையாளும் தீயணைப்பானும் இருக்கட்டும்.

கூடு தலைகீழாக இருக்கும் நாட்களில் வேறு சில வேலைகளும் எளிதாக முடிந்துவிடும். சேறு அடைத்த வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறக்கலாம். ப்ரைமர் காய்ந்ததும் இணைப்புகளில் சீலன்ட் தடவலாம். பெட்டிச் சட்டங்களின் உட்குழிவுக்குள் மெல்லிய குழாய் விட்டு மெழுகுக் கலவையைப் பீய்ச்சலாம். திறந்த வடிகால் துளைகளைப் பெயின்ட் மறுபடி அடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டு, பிரேக் குழாய்களை நின்ற நிலையிலேயே கிளிப் போட்டு ஓட்டிவிட்டால், கூட்டை இறக்கி ஆக்சிலைப் பூட்டத் தொடங்கலாம்.