உறுப்பினர் கிடங்கு அங்காடி

உறுப்பினர் கிடங்கு அங்காடி என்பது ஆண்டுக் கட்டணம் செலுத்தி உறுப்பினரானவர்கள் மட்டும் பொருள் வாங்கக்கூடிய பெரிய விற்பனை நிலையம் ஆகும். இங்குப் பொருள்கள் பெரிய பொதிகளாகவும் குறைந்த இலாபத்திலும் விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் தோன்றிய இவ்வகை அங்காடிகளில் காஸ்ட்கோ, சாம்ஸ் கிளப், பிஜேஸ் ஆகியவை முதன்மையானவை. இவற்றுள் காஸ்ட்கோ மலிவு விலைக்கு மட்டுமன்றி, சில்லறை வணிகத் துறையில் உயர்ந்த ஊதியம் வழங்குவதற்கும் பெயர்பெற்றது. இவ்விரண்டும் ஒரே நிறுவனத்தில் எவ்வாறு சேர்ந்து இயங்குகின்றன என்பதை வணிகவியல் மாணவர்கள் பலகாலமாக ஆராய்ந்து வருகின்றனர்.

வரலாறு

இம்முறையின் முன்னோடி சோல் பிரைஸ். இவர் 1954 இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் ஃபெட்மார்ட் என்னும் தள்ளுபடி அங்காடியைத் தொடங்கினார். 1976 இல் அதே நகரில், பழைய விமானக் கொட்டகை ஒன்றில் பிரைஸ் கிளப்பை நிறுவினார். முதலில் சிறு வணிகர்களுக்கென இருந்த இது, பின்னர் மற்றவர்களுக்கும் படிப்படியாகத் திறந்துவிடப்பட்டது.

1983 இல் சாம் வால்டனின் வால்மார்ட் நிறுவனம் சாம்ஸ் கிளப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜிம் சினெகல், ஜெஃப்ரி பிராட்மேன் இருவரும் சியாட்டிலில் முதல் காஸ்ட்கோவைத் திறந்தனர். சினெகல் மாணவப் பருவத்தில் ஃபெட்மார்ட்டில் மெத்தைகளை இறக்கும் வேலையில் சேர்ந்து, பிரைஸிடம் தொழில் கற்றவர். 1993 இல் பிரைஸ் கிளப்பும் காஸ்ட்கோவும் ஒன்றாக இணைந்தன. 2024 நிதியாண்டின் முடிவில் காஸ்ட்கோவுக்கு உலகெங்கும் 890 அங்காடிகள் இருந்தன.

விலை குறைவதற்கான காரணங்கள்

வழக்கமான அமெரிக்கப் பேரங்காடியில் பல்லாயிரம் வகைப் பொருள்கள் இருக்கும். காஸ்ட்கோவில் ஏறத்தாழ 4,000 வகைகளே உள்ளன. ஒரு பொருளில் ஒன்றிரண்டு வகைகளை மட்டும் மிகப் பெரிய அளவில் வாங்குவதால் உற்பத்தியாளரிடம் விலையைக் குறைத்துக் கேட்க முடிகிறது. தேவைப்பட்ட அளவு கிடைக்காததால் சிலர் வாங்காமல் போவார்கள். அந்த இழப்பை அறிந்தே ஏற்பது பிரைஸ் வகுத்த கொள்கை.

சரக்குகள் வந்த மரத்தட்டுகளோடு அப்படியே விற்பனைத் தளத்தில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் வேலை பெரிதும் குறைகிறது. அலங்காரமும் விளம்பரமும் குறைவு. பொருள்களை இட்டுத்தரப் பைகள் தருவதில்லை. கொள்முதல் விலைக்கு மேல் வைக்கும் கூடுதலுக்கும் வரம்பு உண்டு. பிற நிறுவனப் பொருள்களுக்கு 14 விழுக்காடும், கிர்க்லாந்து சிக்னேச்சர் என்னும் சொந்தப் பெயர்ப் பொருள்களுக்கு 15 விழுக்காடும் உச்சம் என்பது நிறுவனம் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் வழக்கம்.

இவ்வளவு குறைந்த கூடுதலில் நடத்த முடிவதற்கு உறுப்பினர் கட்டணமே காரணம். 2024 நிதியாண்டில் கட்டணமாக மட்டும் ஏறத்தாழ 483 கோடி டாலர் கிடைத்தது. அவ்வாண்டின் இயக்க இலாபத்தில் பாதிக்கும் மேற்பட்ட தொகைக்கு இது ஈடாகும். ஆகவே ஒரு பொருளில் அதிக இலாபம் பார்ப்பதைவிட, உறுப்பினரை ஆண்டுதோறும் தக்கவைப்பதே நிறுவனத்துக்கு முக்கியமாகிறது.

ஊழியர் ஊதியம்

அமெரிக்காவில் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலராகவே உள்ளது. காஸ்ட்கோ தன் தொடக்க ஊதியத்தை 2021 இல் 16 டாலராகவும், 2024 இல் 19.50 டாலராகவும் உயர்த்தியது. 2025 இல் தொடக்க ஊதியம் 20 டாலரை எட்டியது. பல ஆண்டுகள் பணியாற்றிய மணிக்கூலி ஊழியர் பலரின் உச்ச ஊதியம் 30 டாலரைக் கடந்தது.

இது தருமம் அன்று, நல்ல வணிகம் என்பது சினெகலின் நிலைப்பாடு. ஓர் ஊழியர் விலகினால் புதியவரைத் தேடவும் பயிற்றவும் செலவாகிறது. அவர் வேலை பழகும்வரை பணியும் தாமதமாகிறது. 2006 இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வேன் கேசியோ எழுதிய கட்டுரை, ஓராண்டில் வேலையைவிட்டு விலகுவோர் காஸ்ட்கோவில் 17 விழுக்காடு, வால்மார்ட்டில் 44 விழுக்காடு என ஒப்பிட்டது. காஸ்ட்கோவில் ஓராண்டைக் கடந்தவர்களிடையே இது 6 விழுக்காடாகக் குறைந்தது.

பொருள் வகைகள் குறைவாக இருப்பதால் ஒவ்வோர் ஊழியரும் கையாளும் விற்பனையின் மதிப்பு அதிகம். ஆகையால் மணிக்கூலி உயர்ந்தாலும் விற்பனையில் ஊதியச் செலவின் பங்கு அதே அளவுக்கு உயர்வதில்லை. மலிவு விலையும் நல்ல ஊதியமும் சேர்ந்து நிற்பது இந்த அடித்தளத்தின் மேல்தான். பிற அமைப்புகளை மாற்றாமல் ஊதியத்தை மட்டும் உயர்த்தும் கடைக்கு இதே பலன் கிடைக்கும் என்று கூற இயலாது.

நுகர்வோருக்கான கணக்கு

2024 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் காஸ்ட்கோவின் சாதாரண உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்கு 65 டாலர். உயர்நிலை உறுப்பினர் கட்டணம் 130 டாலர். உயர்நிலை உறுப்பினருக்குத் தகுதியுள்ள கொள்முதலில் 2 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். கூடுதலாகச் செலுத்தும் 65 டாலரை மீட்க ஆண்டுக்கு 3,250 டாலருக்கு, அதாவது மாதம் ஏறத்தாழ 271 டாலருக்கு வாங்க வேண்டும். அதற்கும் குறைவாக வாங்குவோருக்குச் சாதாரண உறுப்பினர் நிலையே போதுமானது.

பெரிய பொதி எப்போதும் இலாபம் என்று கருதக்கூடாது. எடுத்துக்காட்டாக, 4 கிலோ பொதி 10 டாலர் என்றால் கிலோ 2.50 டாலர் ஆகிறது. வேறு கடையில் கிலோ 3 டாலர் எனக் கொள்வோம். வாங்கிய 4 கிலோவில் ஒரு கிலோ கெட்டுப்போனால், பயன்பட்ட மூன்று கிலோவின் விலை கிலோவுக்கு 3.33 டாலராகிவிடும், மலிவென்று வாங்கியதே விலை கூடியதாக முடியும். ஆகவே அரிசி, எண்ணெய், சலவைத்தூள் போன்று நாள்பட இருக்கும் பொருள்களில் ஆதாயம் உறுதி. காய்கறி, ரொட்டி, பால் பொருள்களில் அது குடும்பத்தின் அளவைப் பொறுத்தது.

விமர்சனங்கள்

கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தவும், மொத்தமாக வாங்கவும் கையில் பணம் வேண்டும். பொருளைக் கொண்டுசெல்ல வாகனமும் வீட்டில் இடமும் தேவை. இவை இல்லாத ஏழைக் குடும்பங்கள், மலிவு விலை மிகுதியாகத் தேவைப்பட்டும், இம்முறையின் பயனைப் பெற முடிவதில்லை.

ஊழியர் தரப்பிலும் குறைகள் இல்லாமல் இல்லை. 2023 டிசம்பரில் வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் அங்காடி ஊழியர்கள் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தில் சேர வாக்களித்தனர். ஊழியர்கள்மீது தங்களுக்கு வருத்தமில்லை, தலைமையில் இருப்பவர்களான தங்கள்மீதே வருத்தம் என்று நிருவாகம் அப்போது கடிதம் எழுதியது. 2025 தொடக்கத்தில் டீம்ஸ்டர்ஸ் உறுப்பினர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஒப்புதல் அளித்தபின், பிப்ரவரியில் உடன்பாடு எட்டப்பட்டு வேலைநிறுத்தம் தவிர்க்கப்பட்டது. நல்ல ஊதியம் தரும் நிறுவனத்திலும் ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து பேரம் பேச விரும்புவதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.